வெயிலுக்கு எந்த எண்ணெய்

என் கணவர் மோட்டார் சைக்கிளோடு வல்லைவெளியில் விழுந்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பின்னேரம் ஒரு வண்டிக்காரர் அவரை வைக்கோலுக்கு மேலே இருத்திக் கொண்டுவந்து எங்கள் படலையில் இறக்கிவிட்டார். சட்டையில் ஒரு கை இல்லை. முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து அதில் உப்பு மண் ஒட்டியிருந்தது. இடது மணிக்கட்டு வீங்கித் திரண்டிருந்தது.

"எஞ்சின் இறுகிப் பிடிச்சுப்போச்சு" என்றார். புண்ணைக் கழுவும்போதுகூட ஒரு சத்தமும் போடவில்லை. எனக்கு அந்த மௌனம்தான் முதலில் பயத்தைக் கொடுத்தது.

அவர் அரசாங்க டிஸ்பென்சரியில் அப்போதிக்கரி, டொக்டருக்கு ஒரு படி கீழே வைத்தியம் பார்ப்பவர். ஊரில் எல்லோருக்கும் அவர் டொக்குத்தர்தான். நாங்கள் புத்தூரில் வாடகை வீடு ஒன்றில் இருந்தோம். கிழமையில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், வல்லைவெளிக்கு அப்பால் இருந்த ஒரு கிராமத்து டிஸ்பென்சரிக்கு அவர் போய்வர வேண்டும். நான் உடுவிலில் விடுதியில் இருந்து படித்தவள். கலியாணத்துக்குப் பிறகு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அப்போது பிள்ளைகள் இல்லை.

வல்லைவெளியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். புத்தூர் தாண்டிப் பருத்தித்துறைப் பக்கம் போகும் ரோட்டில் தோட்டங்களும் பனைகளும் திடீரென்று முடிந்துபோகும். அதற்குப் பிறகு உப்புத் தரவை, வெறும் வெட்டவெளி. நடுவில் ஒரு பாலம். நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை, கூப்பிட்டால் கேட்க ஒரு வீடு இல்லை. பகலிலும் அதைத் தனியே கடக்க ஆட்கள் விரும்பமாட்டார்கள். பேய் என்பார்கள், கள்ளர் என்பார்கள். எனக்கு அந்தக் கதைகளில் நம்பிக்கை இருந்ததில்லை. நான் பயந்தது அந்த மோட்டார் சைக்கிளுக்கு.

அது எங்கள் கலியாணத்தை விட வயது கூடியது. இளைப்பாறிய ஒரு நிலஅளவையாளரிடம் வாங்கியது. பக்கத்தில் தோணி மாதிரி ஒரு பெட்டி பூட்டியிருக்கும். அதில் ஒருவர் வசதியாக இருக்கலாம். அந்தக் காலத்து எஞ்சினுக்கு எண்ணெய் தானாகப் போகாது. பெற்றோல் தாங்கிக்குள்ளேயே ஒரு பக்கம் பிரித்து எண்ணெய் விட்டிருப்பார்கள். தாங்கிக்கு மேலே ஒரு சின்னக் கைப்பம்பு. ஓட்டுகிறவர் அதை இடைக்கிடை அமத்த வேண்டும். அமத்தினால் பக்கத்தில் உள்ள கண்ணாடிக் குமிழுக்குள் எண்ணெய் துளித்துளியாக விழும். துளி விழுவது கண்ணுக்குத் தெரியும். எஞ்சினுக்குள் போன எண்ணெய் திரும்பி வராது. அது எரிந்து பின்னால் நீலப் புகையாகப் போய்விடும். நீலப் புகை தெரிந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்கிறது என்று அர்த்தம். புகை இல்லாவிட்டால் பயப்பட வேண்டும்.

உடைந்ததைத் திருத்தியவர் யாழ்ப்பாணத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு கொல்லர் குடும்பத்து மனிதர். கார் எஞ்சின்களைக் கழற்றிப் பழகியவர். எங்களுடைய எஞ்சினைத் திறந்து, பிஸ்டனை எடுத்து, அதில் நகத்தால் கீறினதுபோல் இருந்த கோடுகளை எங்களுக்குக் காட்டினார். பிறகு தாங்கியின் அடியில் கிடந்த மிச்ச எண்ணெயை விரலில் தொட்டு மணந்து பார்த்தார்.

"ஆரிட்டை வாங்கினனீங்கள் டொக்குத்தர்? இதுக்கை மண்ணெண்ணெய் கலந்து கிடக்கு."

சந்தை வழியில் ஒருவன் தகரத்தில் வைத்து விற்றதை வாங்கியிருந்தார். உலக யுத்தம் தொடங்கிய பிறகு நல்ல எண்ணெய் கிடைப்பது அருமையாகியிருந்தது. கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

"எஞ்சின் பழசு. உள்ளுக்கை தேஞ்சு இடைவெளி விட்டுப்போச்சு" என்றார் பட்டறைக்காரர். "தடிச்ச எண்ணெய்தான் வேணும். சூடு ஏற ஏற எண்ணெய் இளகும். மெல்லிய எண்ணெய் எண்டால் சித்திரை வெயிலுக்கை தண்ணியாப் போயிடும். பிஸ்டனும் சிலிண்டரும் நேரா உரசும். உரசினால் வீங்கும். வீங்கினால் பிடிக்கும். பின்சில்லு அப்பிடியே நிண்டுபோம். போனமுறை நீங்கள் தரவைக்குள்ளை விழுந்தியள். அடுத்தமுறை பாலத்திலை பிடிச்சால்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். என் கணவர் சிரித்துச் சமாளித்தார். நான் மட்டும் அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்றே பட்டணத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியிடம் போனோம். என் கணவர் அவரை நானா என்று கூப்பிடுவார். மோட்டார் எண்ணெயில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று பெயர். கடைக்குள் வெறுந்தகரங்கள்தான் அடுக்கியிருந்தன. தடித்த எண்ணெய் என்றதும் கையை விரித்தார்.

"மாசக் கணக்கா இல்லை. ஒரு தகரம் கிடக்கு. ஆனா அது குளிர்காலத்துக்குச் செய்த மெல்லிய எண்ணெய். எங்கடை வெயிலுக்கு உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை."

"வேறை வழி?"

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "ஆமணக்கெண்ணெய் இருக்கு. ரேஸ் ஓடுற வெள்ளைக்காரர் அதைத்தான் விடுறவையாம். எவ்வளவு சூடு எண்டாலும் தண்ணியாப் போகாது. ஆனா தெளிஞ்ச நல்ல எண்ணெயா இருக்கவேணும். வீட்டிலை காய்ச்சினது கூடாது. தண்ணி நிண்டிருக்கும்."

"அது பிசின் மாதிரிக் காஞ்சு குழாயை அடைக்குமெண்டு சொல்லுறாங்களே நானா."

"அடைக்கும்தான். ஓடாமல் நிப்பாட்டி வைச்சால் அடைக்கும். பேந்து கழற்றித் துப்பரவாக்க வேணும். மற்றது, ரெண்டையும் கலந்து விடாதேங்கோ. ஒண்டோடை ஒண்டு சேராது."

வீட்டில் அந்த மோட்டார் சைக்கிளின் இங்கிலீஷ்ப் புத்தகம் ஒன்று இருந்தது. பூச்சி அரித்த புத்தகம். அன்று மாலை கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டு, அகராதியையும் வைத்துக்கொண்டு எண்ணெய் பற்றிய பக்கங்களை நான் அவருக்கு வாசித்தேன். நிமிடத்துக்கு இருபது துளி. சூடான நாடுகளிலும் பாரம் ஏற்றும்போதும் தடித்த எண்ணெய். ஆமணக்கெண்ணெய் பாவிக்கலாம், ஆனால் மற்ற எண்ணெய் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் வடித்துவிட்டுத்தான். வாசித்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நானாட்டைக் கிடக்கிற மெல்லிய எண்ணெயையே வாங்கி விடுவம்" என்றார். "வெயில் ஏற முந்திப் போய், வெயில் தாழ்ந்தாப்போலை வருவம். அடைபட்டு நடுவழியிலை நிக்கிறதை விட அது நல்லது."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் பயமாக இருந்தபடியால் எந்தப் பக்கம் கூடப் பயம் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் ஒன்று மட்டும் சொன்னேன்.

"இனி நானும் வருவன்."

"ஏன், ரெண்டு பேரும் விழுறதுக்கோ?"

"விழுந்தால் ஆள் கூப்பிட ஒராள் வேணும்."

பங்குனியில் பள்ளிக்கூடம் இருந்த நாட்களிலும் லீவு கேட்டுக்கொண்டு போனேன். அவருடைய இடது மணிக்கட்டு சரியாக ஆறவில்லை. பிடியைப் பிடிக்க முடிந்தது, பம்பை அமத்த முடியவில்லை. அதனால் பெட்டிக்குள் இருந்தபடி எட்டி அதை அமத்துவது என் வேலையானது. துளிகளை வாய்க்குள் எண்ணுவேன். பிறகு திரும்பிப் புகையைப் பார்ப்பேன். "வருகுதோ?" என்று அவர் கேட்பார். "வருகுது" என்பேன். போகும் வழி முழுக்க எங்களுக்குள் இந்த இரண்டு சொற்களைத் தவிர வேறு கதை இராது. பாலம் தெரியத் தொடங்கும்போது அவர் வேகத்தைக் குறைப்பார். அவர் பயத்தை வாயால் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். எஞ்சினின் சத்தம் ஒரு இழை மாறினாலும் என் கால்விரல்கள் பெட்டியின் தகரத்தில் ஊன்றிக்கொள்ளும். இறங்கும்போது இரண்டு கால்களும் மரத்துப்போயிருக்கும்.

வீட்டிலும் அது விடவில்லை. உலையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டால்கூட இது சரியான சத்தமா என்று ஒருகணம் காது கொடுப்பேன்.

சித்திரை பிறந்தது. அந்த வருஷம்தான் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கொழும்பில் இருந்த எங்கள் ஆட்கள் பெட்டி படுக்கையோடு றெயிலில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். ஆட்கள் நெருங்கி இருந்தபடியால் நோயும் நெருங்கியது. வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. பனை ஓலை ஒன்றுகூட அசையாது.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வல்லைவெளியைக் கடந்து டிஸ்பென்சரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு திரும்புவதாக இருந்தது. உச்சிவேளையில் ஒரு இளம்பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். கொழும்பிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகாத குடும்பம். பிள்ளைக்கு நான்கு வயது இருக்கும், பெண் குழந்தை. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

என் கணவர் கரண்டியால் நாக்கை அமத்தி வாய்க்குள் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது.

"தொண்டைக் கரப்பான், டிப்தீரியா" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "இதுக்கு ஊசி பட்டணத்து ஆசுப்பத்திரியிலைதான் இருக்கு. இப்பவே கொண்டுபோக வேணும்."

"பஸ்?"

"காலமை ஒண்டு போச்சு. இனி நாளைக்குத்தான்."

"மாட்டுவண்டில்?"

"நாலு மணித்தியாலம். பிள்ளைக்கு அவ்வளவு நேரமில்லை."

ஊரில் கார் வைத்திருந்த இருவரும் பெற்றோல் இல்லாமல் சில்லுகளைக் கழற்றிவிட்டுக் கட்டையில் ஏற்றி வைத்திருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியும்.

அவர் வெளியே போய் வேப்பமர நிழலில் நின்ற மோட்டார் சைக்கிளின் தாங்கியில் கையை வைத்தார். நிழலில் நின்றும் அது சுட்டது. கையை உடனே எடுத்துவிட்டார். நான் பின்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கதைத்தார்.

"நாலு பேர். உச்சி வெயில். உள்ளுக்கை கிடக்கிறது தண்ணி மாதிரி எண்ணெய். நடுவெளியிலை பிடிச்சால் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?"

உள்ளேயிருந்து அந்த விசில் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்றும் பயம், நிற்காமல் கேட்பதும் பயம்.

"எண்ணெயை மாத்துவம்" என்றேன்.

"என்ன எண்ணெய்?"

"உள்ளுக்கை மருந்து அலுமாரியிலை நிக்கிறது."

அங்கே பேதிக்குக் கொடுக்கும் ஆமணக்கெண்ணெய் ஒரு பெரிய போத்தல் நிறைய நின்றது. கண்ணாடி மாதிரித் தெளிந்த எண்ணெய்.

"இதை விட்டால் குழாய் அடைக்குமெண்டு தெரியாதே உமக்கு?"

"அடைக்க நாளாகும். பிடிக்கிறதுக்கு நாள் வேண்டாம்."

"கலக்கக் கூடாது."

"கலக்கேல்லை. முழுக்க வடிச்சுப்போட்டு விடுவம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நிச்சயமாகத் தெரிந்தவள் மாதிரி நின்றேன். எனக்கு நிச்சயம் இருக்கவில்லை. ஒரு பழைய புத்தகத்தில் இரண்டு வரி வாசித்தது தவிர அந்த எண்ணெயை எந்த எஞ்சினிலும் நான் பார்த்ததில்லை. நான் சொன்னது பிழை என்றால் நான்கு பேருடைய உயிருக்கும் நான்தான் பொறுப்பு. ஆனால் அவர் அந்த நிழலில் இன்னும் ஐந்து நிமிடம் நின்றால் பிறகு அவரால் புறப்பட முடியாது என்று எனக்குப் பட்டது.

அவர் இடுப்பில் இருந்த அலுமாரித் திறப்புக் கோர்வையை எடுத்து என் கையில் தந்தார்.

தாங்கியின் அடியில் இருந்த குழாயைக் கழற்றிப் பழைய எண்ணெயை வாளிக்குள் வடித்தோம். எஞ்சினின் அடியில் இருந்த சின்னத் திருகாணியையும் திறந்து கடைசிச் சொட்டு வரை விழவிட்டோம். ஒரு சின்னச் சுண்டு அளவு பெற்றோலை உள்ளே ஊற்றிக் குலுக்கி அதையும் வடித்தார். திருகாணி அவருடைய கையிலிருந்து இரண்டு முறை மண்ணில் விழுந்தது. இரண்டு முறையும் நான் எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன். பிள்ளையின் தாய் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பைத்தியம் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும்.

"ரீச்சரம்மா, பேதிக்குக் குடுக்கிற எண்ணெயையோ விடுறியள்?"

"ஓம் தங்கச்சி. வெயிலுக்கு இதுதான் தாங்கும். பிள்ளையை நிமித்தி வைச்சுப் பிடியும். படுக்க விடாதையும்."

தாயையும் பிள்ளையையும் பெட்டிக்குள் இருத்தினோம். நான் அவருக்குப் பின்னால் இருந்த இரும்புத் தட்டில் ஒரு தலையணையைப் போட்டு ஏறினேன். பக்கவாட்டில் இருந்தால் பம்புக்குக் கை எட்டாது. சீலையைக் கொய்து செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் காலைப் போட்டு, ஆண்பிள்ளை மாதிரி இருந்தேன். மருந்துக்கு வந்து நின்ற சனம் எல்லாம் பார்த்தது. வேறொரு நாளென்றால் வெட்கத்தில் செத்திருப்பேன்.

மூன்றாம் உதையில் எஞ்சின் எடுபட்டது. நான் அவருடைய இடுப்பைச் சுற்றிக் கையை நீட்டிப் பம்பை அமத்தினேன். அது இறங்கவில்லை. தேனுக்குள் விரலை அமத்துவது போல் இருந்தது. முழுப் பலத்தையும் கொடுத்து அமத்திவிட்டுக் கண்ணாடிக் குமிழை எட்டிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

"விழுகுதோ?" என்றார்.

நான் மறுபடியும் அமத்தினேன். எண்ணெய் மிகவும் தடிப்பு, குழாயில் நிற்கிறது என்று விளங்கியது. சூடேறினால் இளகும். அதுவரைக்கும் எஞ்சின் தாங்க வேண்டும். இருநூறு யார் போயிருப்போம். அதற்குள் நான் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேனோ தெரியாது. குமிழுக்குள் ஒரு துளி மெல்லத் திரண்டு, தொங்கி, விழுந்தது. பிறகு இன்னொன்று.

"விழுகுது."

"புகை?"

திரும்பிப் பார்த்தேன். புழுதிக்குள் புகை தெரியவில்லை. கொஞ்சம் கழித்து மூக்குக்கு வந்தது. பிள்ளைப்பேற்று வீட்டில் வரும் அந்த எண்ணெய் மணம், எரிந்துபோன மாதிரி. பிறகுதான் புகையும் தெரிந்தது. வழமையை விடத் தடித்த புகை.

"வருகுது" என்றேன்.

வல்லைவெளிக்குள் இறங்கினோம். ரோட்டு மண்ணிலிருந்தும் தரவையிலிருந்தும் சூடு மேலே எழும்பி முகத்தில் அடித்தது. தூரத்தில் தண்ணீர் நிற்பதுபோல் தெரியும், கிட்டப் போனால் இராது. பாலம்கூட அசைவதுபோல் இருந்தது. நான் துளிகளை எண்ணினேன். இருபது வரவில்லை, பதினாறு, பதினேழு. தடித்த எண்ணெய்க்கு அது போதுமா போதாதா என்று புத்தகம் சொல்லியிருக்கவில்லை. பெட்டிக்குள் தாய் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தாள். எஞ்சின் சத்தத்தில் பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. அதனால் கொஞ்சத்துக்கொருக்கால் எட்டிப் பிள்ளையின் தொண்டைக்குழியைப் பார்த்தேன். அது உள்வாங்கி உள்வாங்கி எழும்பியது.

பாலத்தைக் கடந்து அரை மைல் வந்திருக்கமாட்டோம். எஞ்சினின் சத்தம் மாறியது. தொப்புத் தொப்பென்று அடித்துக்கொண்டிருந்தது ஒரு மாதிரி இறுகி, பல்லைக் கடித்துக்கொண்டு கதைப்பவனின் குரல் மாதிரி ஆனது. வேகம் குறைந்தது. நான் குமிழைப் பார்த்தேன். எட்டி எட்டிப் பிள்ளையைப் பார்த்ததில் பம்பை அமத்தப் பிந்திவிட்டேன். துளி நின்றிருந்தது.

என் உடம்பு முழுதும் குளிர்ந்தது. அந்த வெயிலில் குளிர்ந்தது என்றால் நம்பமாட்டார்கள்.

அவர் உடனே கிளச்சை இறுக்கிப் பிடித்தார். எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடுப்பு விட்டது. சில்லு தன்பாட்டில் உருண்டுகொண்டே இருந்தது.

"அமத்தும்" என்றார். "அமத்தும், அமத்தும்."

இரண்டு கையாலும் அமத்தினேன். ஒரு தடவை, இரண்டு, மூன்று. அவரைப் பிடித்திருந்த கையையும் விட்டதால் ஒரு குழியில் விழுந்தெழும்பும்போது நான் பின்னால் சரிந்தேன். எப்படியோ அவருடைய சட்டையின் பின்கழுத்தைப் பற்றிக்கொண்டேன். எஞ்சின் நிற்கப் போகிறது, நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. இழுத்து இழுத்து, முனகி, மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. அந்த இறுகல் சத்தம் இளகியது. பின்னால் ஒரு பெரிய நீலப் புகை குபுக்கென்று எழும்பி ரோட்டை மறைத்தது. பெட்டிக்குள் இருந்தவள் இருமினாள்.

"வருகுது" என்றேன் அவர் கேட்காமலே. என் குரல் எனக்கே வேறு ஆளின் குரல் மாதிரிக் கேட்டது.

அவர் கிளச்சை மெதுவாக விட்டார். அதன் பிறகு நான் துளிகளை எண்ணவில்லை. நூறு வரைக்கும் எண்ணிவிட்டுப் பம்பை அமத்துவது, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவது, அதைத்தான் செய்தேன். கூடிப் போனால் புகை கூடும், அவ்வளவுதான். புத்தூர்ச் சந்தியில் எங்களை அறிந்தவர்கள் நின்று பார்த்தது நினைவிருக்கிறது. நீர்வேலியில் வாழைத்தோட்டத்துக் குளிர்ச்சி ஒரு கணம் முகத்தில் பட்டது. கோப்பாயில் ஒரு மாட்டு மந்தை குறுக்கே வந்தபோது என் கணவர் வாய்விட்டு அழுதுவிடுவார் போல இருந்தார். மற்றதெல்லாம் ஒன்று தொடக்கம் நூறு வரையான எண்கள்தான்.

ஆசுப்பத்திரி வாசலில் நாங்கள் நிற்கும்போது பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு தாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள், தாய் பின்னால் ஓடினாள். ஊசி போட்டார்கள். அது வேலை செய்யும் வரை மூச்சு விட வழியில்லாததால் கழுத்தில் வெட்டிக் குழாய் வைத்தார்கள் என்று பிறகு அறிந்தோம். மாலை வரை எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளி விறாந்தையில் இருந்த மரவாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம்.

என் கை இரண்டும் எண்ணெய். சீலை, தலைமயிர் எல்லாம் அந்த மணம். அவர் முழங்கால்களுக்கு இடையில் கைகளை வைத்துக் குனிந்து இருந்தார்.

"விழுந்த நாளிலை இருந்து எனக்குச் சரியான பயம்" என்றார் கடைசியில். "ஒவ்வொரு கிழமையும் திங்களிரவும் வியாழனிரவும் நித்திரை வராது. உம்மட்டைச் சொல்லேல்லை."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் வாறேல்லை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பக்கத்திலை படுத்துக்கொண்டு ரெண்டு பேரும் முழிச்சுக்கொண்டே கிடந்தனாங்கள்?" என்று கேட்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை. நான் எண்ணெய்க் கையோடு அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். விறாந்தையில் போன சனம் யாருக்கோ சாவு என்று நினைத்து விலகிப் போனது.

மாலையில் ஒரு டொக்டர் வந்து பிள்ளை மூச்சு விடுகிறது என்றார். இன்னும் இரண்டு மூன்று நாள் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். குரல் மட்டும் நெடுநாள் கரகரத்துக் கிடந்தது. அந்தக் குடும்பம் யுத்தம் முடிந்ததும் திரும்பக் கொழும்புக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. தாய்க்காரி ஊரில் இருந்தவரை அந்தப் பயணத்தைப் பற்றி எல்லோரிடமும் சொன்னாளாம். ஊசியைப் பற்றி அல்ல. டொக்குத்தரின் பெண்சாதி ஆம்பிளை மாதிரிக் காலைப் போட்டு இருந்துகொண்டு பேதி எண்ணெய் அமத்திக்கொண்டு வந்ததைத்தான்.

மறுநாள் பட்டறைக்காரர் எஞ்சினைத் திறந்தார். பிஸ்டனில் ஒரு இடத்தில் புதுக்கீறல் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். மெல்லிய எண்ணெயாக இருந்திருந்தால் பாலம் வரைக்கும் வந்திருக்கமாட்டீர்கள் என்றார். குழாய்களுக்குள் பசை பிடிக்கத் தொடங்கியிருந்ததையும் காட்டினார். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும், ஓடாமல் நிறுத்தி வைக்கக் கூடாது, சம்மதமென்றால் இந்த வெயில் முடியும்வரை ஆமணக்கெண்ணெயையே விடுங்கள் என்றார். என் கணவர் சம்மதித்தார். இரும்புக்கடை முதலாளி எங்கிருந்தோ நல்ல தெளிந்த எண்ணெயாக எடுத்துத் தந்தார். அவர் எடுத்துத் தந்ததில் முதல் போத்தலை டிஸ்பென்சரி அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தாங்கியில் விட்டோம்.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். எண்ணெய் சரியானது என்று தெரிந்தது. ஆனால் தெரிந்தது என்பது தலைக்குத்தான், வயிற்றுக்கு அது எட்டவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் மோட்டார் சைக்கிளை ஒழுங்கைக்கு உருட்டிக்கொண்டு போனார். நான் குசினிக்குள் நின்றேன். வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. எஞ்சின் எடுபட்டது. கொஞ்ச நேரம் புறப்படாமல் நின்றே ஓடியது. அவர் எனக்காகத்தான் நிற்கிறார், ஆனால் கூப்பிடமாட்டார் என்று விளங்கியது.

அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் படலைக்குப் போனேன்.

"வாறீரோ?" என்றார்.

"மணிக்கட்டு ஆறிற்றுதோ?"

"இல்லை."

நான் பெட்டிக்குள் ஏறி இருந்தேன்.